வெளுக்க வேண்டிய மீன்

சீனப் புத்தாண்டு போய் நான்கு மாதமாகிறது. எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுக் கதவில் புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்பு மீன் வெட்டு இன்னும் பளபளவென்று இருக்கிறது. நேற்று மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது விரலால் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக். ஓரம்கூடச் சுருளவில்லை. சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி என்பதால்தான் மீனை ஒட்டுகிறார்கள். ஆனால் இப்படி மிஞ்சியே கிடப்பதற்காக அல்ல.

'ஜியான்ஜி' எனப்படும் சீனக் காகித வெட்டு, ஆண்டுக்கொரு முறை செத்துப் பிழைக்கும் கலை. ஷான்சி மாகாணத்து வடபகுதியில், மண்மேட்டைக் குடைந்த வீடுகளின் மரச்சட்டச் சன்னலில் முன்பெல்லாம் கண்ணாடிக்குப் பதில் வெள்ளைக் காகிதம்தான் ஒட்டியிருப்பார்கள். காற்றும் வெயிலும் மூன்று பருவம் அடித்தால் அது என்ன கதியாகும்? புத்தாண்டுக்கு முன் அதைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டி, அதன்மேல் புதிதாக வெட்டிய 'சன்னல் பூ'க்களைப் பதிப்பார்கள்.

வெட்டியதெல்லாம் கிழிந்துபோனால் வடிவம் எப்படித் தங்கியது? புகையால். நல்ல வெட்டு ஒன்றை வெற்றுத் தாள்மேல் பரப்பித் தண்ணீர் தெளித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்படியே எண்ணெய் விளக்குப் புகையில் காட்டுவார்கள். காய்ந்ததும் மேலே இருப்பதை உரித்தால், அது மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும் சுற்றிலும் கரியாகவும் நிற்கும். அந்தப் புகைத்தடத்தை வைத்து அடுத்த வீட்டுப் பெண் வெட்டுவாள். படி எடுக்க இதைவிட மலிவான வழி இருக்க முடியாது!

கிடைத்தவற்றில் பழையவை, வடமேற்குச் சீனாவின் டர்ஃபான் பாலைவனத்து அஸ்தானா கல்லறைகளிலிருந்து வந்தவை; ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழைமை. மடித்து வெட்டிய வட்டத்தில் எதிரெதிராகக் குதிரைகள், குரங்குகள். மண்ணுக்குள் போனதால் தப்பித்தன. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இக்கலை ஏறியது. அதில் எனக்குச் சண்டையில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, 'அமரக் கலை' என்று பேசுவதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஷான்சியின் குன்று வீட்டில் வாழ்ந்த காகித வெட்டுக் கலைஞர் கூ ஷூலான், 1985இல் பள்ளத்தில் விழுந்து பல நாள் நினைவிழந்து கிடந்தார். எழுந்ததும் 'பூ வெட்டும் தேவி' நான்தான் என்றார். பிறகு வண்ணத் தாள் துணுக்குகளை அடுக்கி ஒட்டித் தன் வீட்டுச் சுவரையே அந்தத் தேவியால் நிரப்பினார். வெட்டும்போது பாடவும் செய்வார். 2004இல் மறைந்தார். அருங்காட்சியகம் தேடி வரும் என்றா அவர் சுவரில் ஒட்டினார்?

இயந்திரம் வெட்டுவதைக் குறை சொல்லவில்லை. அலுவலகம் போய் வருபவர்களுக்குக் கத்தரி பிடிக்க நேரமேது? ஆனால் காகிதத்தில் வெட்டித் தொலைக்கலாமே.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். சிறுவயதில் போன வருடத்துக் காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்து, காய்ந்த மாவுப் பசையை நகத்தால் சுரண்டுவது அவர் வேலையாம். விரல் நுனியெல்லாம் இரண்டு நாளைக்குச் சிவப்பாக இருக்குமாம்.