தசமக் கணக்கு உத்தேசத்தில் தொடங்கட்டும்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கருத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். தசம எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓர் எண்ணை அருகிலுள்ள எளிய எண்ணாக மாற்றும் முழுமையாக்குதலையும் உத்தேச மதிப்பையும் பின்னால், பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய நெருக்கடியில், ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிறோம். இந்த வரிசை மாற வேண்டும். விடை உத்தேசமாக எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரிந்த பிறகே ஒரு மாணவர் தசமப் பெருக்கலுக்குப் போக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

4.8 × 3.1 என்ற கணக்கைக் கொடுத்தால், புள்ளியை மறந்துவிட்டு 48 × 31 = 1488 என்று பெருக்கி, இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களை எண்ணி, வலப்பக்கத்திலிருந்து இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும் என்பது நாம் சொல்லிக்கொடுக்கும் வழி. வழி சரியானதே. ஆனால் அந்த வழியில் எங்கோ தடுமாறி 148.8 என்று எழுதிவிட்ட மாணவருக்கு, தம் விடையில் ஏதோ பிழை இருக்கிறது என்று சந்தேகம் வருவதற்கே இடமில்லை. கணக்கைத் தொடங்கும் முன் ஓரத்தில் 5 × 3 = 15 என்று அவர் எழுதியிருந்தால், 148.8 என்ற விடை அவர் கண்ணிலேயே உறுத்தியிருக்கும்.

விதியை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கலும் வரும். 2.5 × 0.4 என்ற கணக்கில் 25 × 4 = 100 என்று வந்ததும், கடைசிப் பூஜ்யங்களில் ஒன்றை 'தேவையில்லை' என்று அடித்துவிட்டு, மிச்சமுள்ள 10-இல் இரண்டு இடம் எண்ணி 0.10 என்று முடிக்கும் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். இரண்டரையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கிறோம், எனவே விடை ஒன்றை ஒட்டி வர வேண்டும் என்று முன்கூட்டியே சிந்தித்த மாணவர் அங்கே நின்று திரும்பிப் பார்ப்பார். வகுத்தலில் இது இன்னும் முக்கியம். வகுத்தால் எண் குறையும் என்ற நம்பிக்கை தொடக்கப் பள்ளியிலிருந்தே ஊறியிருப்பதால், 12.6 ÷ 0.3 என்பதற்கு 4.2 என்ற விடை பல பிள்ளைகளுக்கு மிக இயல்பாகத் தெரிகிறது. ஒன்றுக்குள்ளேயே மூன்று 0.3 அடங்கிவிடுகிறதே, அப்படியானால் பன்னிரண்டுக்குள் எத்தனை அடங்கும் என்று ஒரு கேள்வி கேட்டாலே, விடை 36-ஐத் தாண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு 42 என்ற விடையை ஏற்க அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருப்பதில்லை.

உத்தேசம் சொல்ல வேண்டுமென்றால் எண்ணின் அளவு மனத்தில் தெரிய வேண்டும், அங்கேதான் அடிப்படைக் குறை இருக்கிறது. 0.125 பெரியதா, 0.5 பெரியதா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டாலும் சிலர் 0.125 என்பார்கள். 125 என்பது 5-ஐவிடப் பெரியது என்பதே அவர்களுடைய காரணம். 'பூஜ்யம் புள்ளி நூற்று இருபத்தைந்து' என்று படிக்கும் பழக்கம் இந்தப் பிழைக்குத் துணை போகிறது. 'பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. 0.5-க்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து 0.500 ஆக்கி ஒப்பிடு என்ற உத்தி சரியான விடையைத் தந்துவிடும். ஆனால், பத்தில் ஐந்து பங்கு என்பதும் ஆயிரத்தில் ஐந்நூறு பங்கு என்பதும் ஒன்றே என்று புரியாத பிள்ளைக்கு அந்தப் பூஜ்யங்கள் வெறும் மந்திரமாகவே இருக்கும்.

முந்தைய தலைமுறைக்கு நூறில் ஒரு பங்கைக் கையில் எடுத்துக் காட்டக் காசு இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணய முறைக்கு மாறி, ரூபாய் நூறு பைசாவாக ஆன பிறகு, கால் ரூபாய் என்பதும் 0.25 என்பதும் 25 பைசா என்பதும் ஒரே பொருள் என்று கடைக்குப் போய்வந்த எந்தச் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாதவை ஆயின. இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதன் பிறகு வளர்ந்தவர்கள், பைசாவைச் செலவழித்துப் பழகாதவர்கள். பாடநூலில் ரூ.5.75 என்று எடுத்துக்காட்டுக் கொடுத்தால், அவர்களுக்கு அதுவும் இன்னொரு தசம எண்தான். ஆகவே பணத்தை விட்டுவிட்டு அளவுகோலுக்கு வருவதே நல்லது என்பது என் அனுபவம். ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டருக்குள் பத்துக் கோடுகள் இருக்கின்றன, பென்சிலின் நீளம் 13.7 செ.மீ. என்று பிள்ளை தானே அளந்து எழுதுகிறது. அது 13-க்கு அருகிலா 14-க்கு அருகிலா என்று ஸ்கேலைப் பார்த்தே சொல்லிவிடுகிறது. முழுமையாக்குதல் என்பதன் முழுப் பொருளும் அந்த ஒரு பார்வையில் அடங்கியிருக்கிறது. எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறோம், எதற்கு அருகில் இருக்கிறோம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

கிரிக்கெட்டை இங்கே சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பையன்களும் இப்போது பெண்பிள்ளைகளும் நாள்தோறும் பார்க்கும் புள்ளி வைத்த எண் ஓவர்தான், ஆனால் அது தசம எண்ணே இல்லை. 19.3 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் மூன்று பந்துகளும் ஆகும், அதாவது பத்தொன்பதரை ஓவர். ஓர் அணி 19.3 ஓவரில் 156 ரன் எடுத்தால் ரன் விகிதம் என்ன என்று கேளுங்கள். 156-ஐ 19.3-ஆல் வகுப்பவருக்கு 8.08 கிடைக்கும். 19.5-ஆல் வகுப்பவருக்கு மிகச் சரியாக 8 கிடைக்கும். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒரு பங்கைக் குறித்தால்தான் அது தசமம், ஆறில் ஒரு பங்கைக் குறித்தால் அது வேறு கணக்கு என்று இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. 1.30 மணி நேரத்தை 1.3 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு வேகம் காணும் பிழையும் இதே இனத்தைச் சேர்ந்தது.

எத்தனை இடம் வரை திருத்தம் வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது என்று காட்டுவதற்கு நகைக்கடை ரசீதை வகுப்புக்குக் கொண்டுபோவது என் வழக்கம். அங்கே எடை கிராமில் மூன்று தசம இடம் வரை அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சங்கிலியின் எடை 7.986 கிராம், சேதாரம் 12 சதவீதம், ஒரு கிராம் 9,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சேதாரம் 0.95832 கிராம் வருகிறது. அதை அப்படியே சேர்த்து விலை கண்டால் ரூ.80,498.88. சேதாரத்தை 0.958 என்று மூன்று இடத்துக்கு முழுமையாக்கிய பின் விலை கண்டால் ரூ.80,496, வேறுபாடு மூன்று ரூபாய்கூட இல்லை. ஆனால் சேதாரம் 'ஏறத்தாழ ஒரு கிராம்' என்று நடுவிலேயே முழுமையாக்கினால் ரூ.80,874 ஆகிறது, வாங்குபவருக்கு 375 ரூபாய் கூடுதல் செலவு. ஒரே கணக்கில், எந்தக் கட்டத்தில் எவ்வளவு முழுமையாக்கினோம் என்பதைப் பொறுத்து மூன்று தொகைகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இடைப்பட்ட படிகளில் இலக்கங்களை வைத்திரு, கடைசியில் மட்டும் முழுமையாக்கு என்ற அறிவுரை அதன் பிறகு அவர்களுக்கு வெறும் விதியாகத் தோன்றுவதில்லை.

இந்த அறிவுரையைப் புறக்கணித்ததன் விளைவு உலகறிந்த ஒரு நிகழ்விலும் இருக்கிறது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் தன் குறியீட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அந்த எண் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசம இடத்துக்குப் பிறகு வந்ததை முழுமையாக்காமல் அப்படியே வெட்டிவிட்டார்கள். வெட்டும்போது எண் எப்போதும் குறையத்தான் செய்யும், ஒருபோதும் அதிகரிக்காது. 1983 நவம்பருக்குள் குறியீடு 524.811-க்கு இறங்கிவிட்டது. திருத்திக் கணக்கிட்டபோது சரியான மதிப்பு 1098.892 என்று தெரிந்தது. சந்தை ஏறியிருந்தது, எண் மட்டும் பாதியாகியிருந்தது. வெட்டுவதும் முழுமையாக்குவதும் ஒன்றே என்று நினைக்கும் மாணவருக்கு இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

விதியைக் கற்பிக்கும்போதும் கவனம் வேண்டிய இடங்கள் உள்ளன. 7.4468-ஐ முழு எண்ணாக்கு என்றால் 7.447, 7.45, 7.5, 8 என்று படிப்படியாக ஏறி வருபவர்கள் உண்டு. 7.4468 என்பது ஏழரைக்குக் கீழே இருக்கிறது, ஆகவே விடை 7. அடுத்த ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தாமல், எண்கோட்டில் ஏழரைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இந்தப் பிழை மீண்டும் வராது.

சரியாக நடுவில் நிற்கும் எண்ணைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. கணிதப் பாடத்தில் 5 வந்தால் மேலே ஏற்று என்கிறோம். அதே பிள்ளை பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், 5-க்கு முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடு, ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு என்று படிக்கிறது. 2.745 அங்கே 2.74 ஆகிறது, 2.735-உம் 2.74 ஆகிறது. எது உண்மை என்று குழம்பிப்போய், பழைய ஆசிரியரைத் தேடி வந்து கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டும் மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளே. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2 என்ற தரத்தின் 1960 பதிப்பு இரட்டைப்படை விதியைத்தான் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டமோ ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றச் சொல்கிறது. இரட்டைப்படை விதி ஏன் தேவைப்பட்டது என்பதை எட்டாம் வகுப்பிலேயே விளக்க முடியும். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூடுதல் 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 1 + 2 + 3 + 4 = 10. இரட்டைப்படைக்கு மாற்றினால் 0 + 2 + 2 + 4 = 8. நிறைய எண்களைக் கூட்டும் இடத்தில் எப்போதும் மேலே ஏற்றுவது தொகையை ஊதிப்பெருக்கும் என்று பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

எந்த விதியும் பொருந்தாத இடங்களும் உண்டு. 50 பேர் அமரும் பேருந்துகளில் 110 மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்ல 2.2 பேருந்து என்று விடை வந்தால் மூன்று பேருந்து வேண்டும். ஒரு சட்டைக்கு 1.6 மீட்டர் துணி வேண்டுமென்றால், 11 மீட்டரில் 6.875 சட்டை என்று வந்தாலும் ஆறுதான் தைக்க முடியும்.

தசமத்தில் எழுதினால் துல்லியம், பின்னத்தில் எழுதினால் தோராயம் என்று ஒரு நினைப்பும் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. பையின் மதிப்புக்கு 3.14 என்று பிரதியிடுவது 22/7-ஐவிடத் திருத்தமானது என்று பலர் நம்புகிறார்கள். பை 3.14159... என்று போகிறது, 22/7 என்பது 3.14285... ஆகும். 3.14 உண்மை மதிப்பிலிருந்து 0.00159 குறைகிறது, 22/7 அதைவிடச் சற்றுக் குறைவாக, 0.00126 மட்டுமே கூடுகிறது. இதைச் சொல்லும்போது நம் பழைய எண்சுவடிப் பின்னங்களையும் சேர்த்துக்கொள்வேன். அரைக்கால் 0.125, மாகாணி 0.0625, காணி 0.0125, முந்திரி 0.003125. முந்திரி என்பது 1/320. 320-இன் பகாக் காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே என்பதால் அதன் தசம வடிவம் முடிவுறுகிறது. முடிவுறு தசமம் பற்றிய ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி நம் மொழியில் வேறு எங்கே கிடைக்கும்?

கடைசியாகத் தேர்வைப் பற்றி. 'இரண்டு தசம இடத் திருத்தமாகக் காண்க' என்று வினாவிலேயே சொல்லிவிடும்போது, எத்தனை இடம் தேவை என்று தீர்மானிக்கும் வேலையை மாணவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம். வாரியத் தேர்வில் அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். பள்ளி அளவிலான தேர்வுகளில் நமக்குச் சுதந்திரம் இருக்கிறது. 19.8 × 0.52 என்பதன் விடை 1.0296, 10.296, 102.96 ஆகியவற்றில் எது, பெருக்கிப் பார்க்காமல் காரணத்துடன் எழுதுக என்று ஒரு வினா கேட்கலாம். இருபதில் பாதி ஏறத்தாழ பத்து என்று ஒரே வரி எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும், ஓரத்தில் பெருக்கிப் பார்த்து எழுதியவருக்குப் பாதிதான். ஐந்து மதிப்பெண் கணக்கில் ஒரு மதிப்பெண்ணை முன்கூட்டி எழுதிய உத்தேசத்துக்கு ஒதுக்கலாம். மதிப்பெண் இல்லாத எதையும் பிள்ளைகள் பயிற்சி செய்வதில்லை, அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கப்போகும் ஆசிரிய நண்பர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி இரண்டு வினாக்களையாவது சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.