ஆறு வாரம் மட்டுமே முதலிடத்தில் இருந்த தாமஸ் மஸ்டர்

டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் களிமண் தரையில் ஒரே ஒரு ஒற்றையர் பட்டம்கூட வென்றதில்லை. பீட் சாம்ப்ராஸ் களிமண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் இறுதிப்போட்டி வரை ஒருமுறைகூடப் போனதில்லை. இருவருமே உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர்கள். அந்த முதலிடத்தை யாரும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் 1996 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் தாமஸ் மஸ்டர் முதலிடத்துக்கு வந்தபோது, சாம்ப்ராஸும் இன்னொரு முன்னணி வீரரான அகாசியுமே வெளிப்படையாக முகம் சுளித்தார்கள். எல்லாம் களிமண்ணில் சேர்த்த புள்ளிகளாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். 1995இல் அவர் களிமண்ணில் 65 ஆட்டங்களில் வென்றார், தோற்றது இரண்டே இரண்டில். தொடர்ச்சியாக 40 வெற்றிகள். பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் இறுதிப்போட்டியில் மைக்கேல் சாங்கை நேர் செட்களில் சாய்த்தார். அந்த வருடம் வாங்கிய 12 பட்டங்களில் ஒன்று எஸ்ஸன் நகரில், உள்ளரங்கக் கார்பெட் தரையில் கிடைத்தது. அங்கே அரையிறுதியில் அவரிடம் தோற்றவர் வேறு யாருமில்லை, சாம்ப்ராஸ்தான்.

களிமண் என்று நாம் சொல்வது உண்மையில் அரைத்த செங்கல் தூள். பந்து அதில் பட்டதும் வேகம் குறைந்து மேலே எழும்பும். மற்ற தரைகளில் ஒரே செர்வில் முடிகிற பாயிண்டை இங்கே மூன்று நான்கு முறை ஜெயிக்க வேண்டியிருக்கும். மஸ்டர் இடது கைக்காரர். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு நன்றாகப் பின்னால் நின்று, பேக்ஹேண்ட் (புறங்கை) பக்கம் வரும் பந்தையும் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டாலேயே அடிப்பார். முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் ஏறிய அந்தப் பந்து வலது கைக்காரரின் பேக்ஹேண்டில் தோள் உயரத்துக்கு வந்து நிற்கும். ஒருமுறை சமாளிக்கலாம். மூன்று மணி நேரம் அதையே சமாளிப்பது யாருக்கும் லேசில்லை. பார்க்க அழகான ஆட்டம் இல்லை, சரி. ஆனால் கால், மூச்சு, பொறுமை மூன்றும் ஒன்றாகக் கேட்கிற ஆட்டம் அது.

களிமண்ணில் நடந்த 1995 மான்டே கார்லோ இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதி முடிந்ததும் உடம்புக்கு முடியாமல் மருத்துவமனைக்குப் போனவர், மறுநாள் பெக்கருக்கு எதிராக வந்து நின்றார். முதல் இரண்டு செட்டும் போய்விட்டன. நான்காவது செட் 6-6 ஆனதும் ஆடிய டை-பிரேக்கில் பெக்கருக்கு இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற வாய்ப்பு இரண்டு முறை. அதில் ஒன்றில் பெக்கர் இரண்டாவது செர்வையும் முழு வேகத்தில் அடிக்கப் போய், இரண்டு செர்வும் தவறி டபுள் ஃபால்ட் செய்தார். எதிரே நிற்பவர் எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவார் என்று தெரிந்ததால்தான் அந்த அவசரம் என்று நான் நினைக்கிறேன். டை-பிரேக் மஸ்டருக்குப் போனது. ஐந்தாவது செட் 6-0.

இந்தக் கால்களுக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1989இல் மயாமி பக்கத்தில் கீ பிஸ்கேனில் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்ற கையோடு, குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி அவருடைய இடது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. காலில் கட்டுடன், தனக்காகவே செய்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பந்தை அடித்துப் பயிற்சி எடுத்தார். சுமார் ஆறு மாதத்தில் மறுபடியும் களத்தில் இறங்கிவிட்டார்.

புல்தரையில் நடக்கும் விம்பிள்டனில் நான்கு முறை ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. வாழ்நாளில் வாங்கிய 44 பட்டங்களில் 40 களிமண்ணில் வந்தவை. புல்தரையில் தோற்றதை வைத்து அவரை அளப்பவர்கள், அதே அளவுகோலைக் களிமண்ணில் தடுமாறியவர்களுக்கும் வைக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அப்புறம், களிமண்ணைத் தாண்டினால் ஆள் ஒன்றுமில்லை என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: முழங்கால் சிதைந்த அதே கீ பிஸ்கேனுக்கு 1997இல் திரும்பிப் போய், ஹார்ட் கோர்ட் என்கிற கடினத் தரையில் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார் மஸ்டர்.