மூன்று ஓநாய்களைக் கூப்பிட்டது ஒரு தப்பா?

"மார்கிட்டை ஜெயித்துவிட்டேன்" என்று போன வாரம் ஒரு வரி ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன். யார் அந்த மார்கிட், வார்டு தேர்தலா என்று என் சித்தி போன் போட்டுக் கேட்டார். தேர்தல் இல்லை சித்தி, மார்கிட் ஒரு கம்ப்யூட்டர் கேமில் வரும் எதிரி. என் மகனும் அவன் கூட்டாளிகளும் வேறு மாதிரி. "ஓநாயை வெச்சு ஜெயிச்சதெல்லாம் கணக்குல வராதும்மா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். சித்திக்கு விளக்கம், பசங்களுக்குப் பதில், இரண்டும் இதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியும். சிட்டா எடுத்துத் தருவது, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், நடுவில் ஒன்றிரண்டு கல்யாணப் பத்திரிகை. தக்காளி மண்டிக்கு வருகிறவர்கள் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மதியம் 2 மணிக்கு மேல் ஈ ஓட்டுவதுதான். பெங்களூரில் இருக்கும் தம்பி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதைக் கடைக்குக் கொடுத்தான். அதில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் பிளஸ் டூ படிக்கும் என் மகன். எல்டன் ரிங் என்று ஒரு கேமை இறக்கினான். 60 ஜிபி, இரண்டு ராத்திரி ஓடியது. பரீட்சை வருகிறதே என்று ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி கல்லா டிராயரில் போட்டேன். அந்த டிராயரை ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கிறவள் நான்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் வந்த ஜப்பான் கேம் இது. ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனி, இயக்கியவர் ஹிடெடாக்கா மியாசாகி. கத்தியோ மந்திரமோ எடுத்துக்கொண்டு ஒரு பெரிய நாட்டுக்குள் அலைய வேண்டும். வழியில் எதிர்ப்படுவதெல்லாம் நம்மைக் கொல்லும். கொன்ற எதிரிகளிடமிருந்து ரூன் கிடைக்கும். ரூன்தான் பணம், பலம் ஏற்றிக்கொள்வதும் அதை வைத்துத்தான். நாம் செத்தால் கையில் இருந்த ரூன் முழுக்கச் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் அதுவும் அம்பேல். சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. எனக்கும் என் மகனுக்கும் ஒரே வினாத்தாள்.

குகையை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிறவன் தங்கக் கவசம் போட்டுக் குதிரையில் ரோந்து சுற்றுகிறான். பெயர் ட்ரீ சென்டினல். முதலில் வருகிறவனை முதலில் முடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே, ஒன்றாம் பாடம் முடித்தால்தான் இரண்டாம் பாடம். அவனிடம் 9 தடவை செத்தேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்ததால் கணக்கு துல்லியம். பத்தாவது தடவை அவன் அந்தப் பக்கம் திரும்பின நேரமாகப் பார்த்து மரத்தடி ஓரமாகவே நடந்து சர்ச்சுக்குப் போய்விட்டேன். அவன் துரத்தவே இல்லை. அவனை அங்கே நிறுத்தி வைத்ததே சுற்றிப் போகக் கற்றுக்கொடுக்கத்தான் என்று உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்தவன் மார்கிட். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகிற பாலத்தில் நிற்கிறான். கொம்பு, வால், கையில் முறுக்கிய தடி. இவனைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது முக்கால்வாசி இவனிடம்தான்.

தப்பிக்க ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் உருளுவோம். உருளத் தொடங்கியதும் அரை நொடிக்கும் குறைவான நேரம் எந்த அடியும் மேலே படாது. அந்தத் துண்டு நேரத்துக்குள் அவன் தடி நம்மைக் கடந்துவிட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம். அதே பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடுவோம் என்பதால், பொத்தானை விடும்போதுதான் உருளல் நடக்கும். நான் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தே ஓடியிருக்கிறேன். கடைப் பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க அவனைக் கட்டிப்பிடிக்கப் போறீங்களா?" என்று கேட்டான். அதோடு, கிடைத்த இரும்புச் சட்டையையெல்லாம் மாட்டிக்கொண்டேன். சுமக்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் மூட்டை விழுவது மாதிரிதான் இருக்கும். அதையும் 6 தடவை செத்த பிறகுதான் கவனித்தேன்.

மார்கிட்டின் கெட்ட புத்தி என்னவென்றால், தடியைத் தலைக்கு மேல் ஓங்குவான். ஓங்கியவன் அடிக்க வேண்டும் இல்லையா? அடிக்கமாட்டான். அப்படியே நிறுத்தி வைப்பான். நாம் பயந்துபோய் உருண்டு எழுந்திருக்கும்போது, சரியாக அந்த நேரத்தில் இறக்குவான். தள்ளிப் போய் மருந்துக் குடுவையை வாயில் வைத்தால் ஒளிக்கத்தி ஒன்று பறந்து வரும். நம் அவசரத்தைப் படித்து வைத்திருக்கிறான் படுபாவி.

எனக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தது என் மாமியார். உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டுவேன், கொட்டிய கையோடு துடுப்பை எடுப்பேன். கையைத் தட்டிவிடுவார். மாவு நடுவில் குன்று மாதிரி நிற்கும், சுற்றிலும் தண்ணீர் தளதளவென்று மேலே ஏறும், பொங்கிவிடும் போலவே இருக்கும். அப்போதும் தொடக் கூடாது. "பயந்துகினு கிண்டுனா கட்டி உழும்" என்பார். மாவு வெந்து வாசனை மாறும், அப்போது கிண்டினால் கட்டியில்லாமல் திரண்டு வரும். மார்கிட் தடியை ஓங்கியபடி நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொதிக்கும் பானைதான் ஞாபகம் வந்தது. ஓங்கிய கையைப் பார்க்கக் கூடாது, இறங்கும் கையைப் பார்க்க வேண்டும். விலகி ஓடாமல் அவன் பக்கமாகவே உருண்டு முதுகுப்புறம் போக வேண்டும். இரண்டு அடி அடிக்கலாம். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் தெம்பு காட்டும் பச்சைக் கோடு காலியாகி, உருள முடியாமல் நிற்போம்.

இவ்வளவும் புரிந்த பிறகும் ஜெயிக்க முடியவில்லை. கோடுகள் 31 ஆகியிருந்தன. ஒரு தடவை அவன் உயிரில் கால்வாசிதான் மிச்சம். வாசலில் ஒரு பெரியவர், "பாப்பா, ஆதார் ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்று வந்து நின்றார். இந்த கேமில் நிறுத்தி வைக்கப் பொத்தான் கிடையாது. ஒரு நிமிஷம் இருங்கப்பா என்று சொல்லலாம்தான், அவர் பேருந்தை விட்டுவிட்டால்? ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்தேன். ஜெராக்ஸ் மெஷின் சூடாவதற்குள் கதை முடிந்திருந்தது. பெரியவர் திரையைப் பார்த்து, "யாரோ செத்துட்டாங்க போல" என்றார்.

அன்றைக்குத்தான் பாலத்தை விட்டுத் திரும்பினேன். வரைபடத்தில் தெற்கே வீப்பிங் பெனின்சுலா என்று ஓர் இடம், எப்போதும் மழை தூறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் அங்கேயே குதிரையில் சுற்றினேன். அங்கே மூன்று பாழடைந்த சர்ச்சுகளில் கிடைக்கும் கண்ணீர்த்துளிகளைச் சேர்த்தால் மருந்தின் வீரியம் கூடும். பொன்னிற மரத்தடிகளில் கிடைத்த விதைகளால் என் 4 குடுவை 6 ஆனது. கத்தியைத் தீட்டக் கல் பொறுக்கினேன். ஆரம்ப சர்ச்சில் இருக்கும் பட்டறையில் 3 படி வரைக்கும்தான் தீட்ட முடியும், அதை முடித்தேன். ரூனையெல்லாம் வேறெதிலும் போடாமல் விகர் என்ற உயிர்பலத்தில் போட்டேன். அதே சர்ச்சில் ராத்திரியில் உட்கார்ந்திருக்கும் சூனியக்காரி ஒருத்தி ஒரு மணி கொடுத்தாள். அடித்தால் மூன்று ஓநாய்கள் வரும்.

மறுபடி பாலத்துக்குப் போய் மணியை அடித்தேன். ஓநாய்கள் அவன் காலைக் கவ்வ, அவன் அவற்றைத் துரத்த, நான் முதுகுப்பக்கம். ஆறாவது முயற்சியில் விழுந்தான். என் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது, நிஜமாக.

இப்போது பசங்களுக்கு. இந்த மாதிரி கேம் ஆடுகிறவர்களிடம் 'கிட் குட்' என்று ஒரு வசனம் உண்டு. முடியவில்லை, என்ன செய்யட்டும் என்று யாராவது கேட்டால், போய்த் திறமையை வளர்த்துக்கொண்டு வா என்று முகத்தில் அடிப்பது. ஓநாயைக் கூப்பிடக் கூடாது, அடுத்த ஆட்டக்காரரை உதவிக்குக் கூப்பிடக் கூடாது, ஒற்றைக் கத்தியோடு போய்ச் சாக வேண்டும், அதுதான் வீரமாம். யார் போட்ட சட்டம் இது? கேமைச் செய்தவர் போடவில்லை. மியாசாகியே ஒரு பேட்டியில், தான் கேம் ஆடுவதில் மோசம், கேம் கொடுக்கும் அத்தனை உதவியையும் பயன்படுத்தித்தான் ஆடுவேன் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். 29 வயதில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 2004இல் இந்தத் துறைக்கு வந்த ஆள் அவர். சின்ன வயதில் அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து, புரியாததைப் படத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்வாராம். என் ஆங்கிலத்துக்கு நானும் இந்தக் கேமை அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்ம கட்சி.

கேமுக்குள்ளேயே பாருங்கள். தரையில் ஆங்காங்கே ரத்தக்கறை இருக்கும். தொட்டால், வேறு எந்த ஊரிலோ உட்கார்ந்து ஆடிய ஒருத்தர் அங்கே எப்படிச் செத்தார் என்று நிழலாக ஓடும். தொப்பூர் கணவாயில் விபத்துப் பகுதி போர்டைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரில் இருந்து கால் தானாக எடுப்போமே, அது மாதிரி. முன்னால் போனவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் கிடக்கும். பள்ளத்தின் விளிம்பில் "குதித்துப் பார்" என்று எழுதி வைக்கும் பாவிகளும் உண்டு (குதித்தேன்). ஆனால் நல்ல குறிப்பு என்று யாராவது பாராட்டினால், எழுதியவருக்கு அந்த நேரம் உயிர் கொஞ்சம் ஏறும். முகம் தெரியாத ஒருத்தர் என் குறிப்பைப் பாராட்டியதால் நான் ஒரு சண்டையில் பிழைத்திருக்கிறேன். இப்படி ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்க வழி செய்து வைத்திருக்கும் இடத்தில் உதவி கேட்பது கேவலம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

ஓநாய் இல்லாமல் ஆட விரும்புகிறவர்கள் ஆடட்டும், அது அவரவர் ஆசை. என் மகன் அப்படித்தான் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். அவன் உருளுவதைப் பார்க்க எனக்குப் பெருமைதான். ஆனால் அதைப் பக்கத்தில் ஆடுகிறவருக்குச் சட்டமாக்காதே என்கிறேன். முதல் நாளே அவன் இந்தச் சட்டத்தைச் சொல்லியிருந்தால் நான் ட்ரீ சென்டினலோடேயே ஜாய்ஸ்டிக்கை டிராயரில் போட்டிருப்பேன். தெற்கே மழையில் திரிந்த அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைத்தே இருக்காது. இதுவரை ஆடியதில் எனக்குப் பிடித்த வாரம் அது.

மார்கிட்டைத் தாண்டிக் கோட்டை வாசலுக்குப் போனால், அங்கே கோஸ்டாக் என்று ஒரு வாயிற்காவலன். பெரிய கதவு வழியாகப் போனால் வீரர்கள் அம்போடு காத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது, அதில் போ என்கிறான். ஆள் அவ்வளவு யோக்கியன் இல்லை. கோட்டைக்குள் நாம் செத்தால் நம் ரூனில் ஒரு பங்கை அமுக்கிக்கொள்வானாம். இருந்தாலும் சொன்ன யோசனை சரி. "பெரிய கதவைத் திறக்கச் சொல்லும்மா, அதுதான் மாஸ்" என்று பின்னாலிருந்து மகன் கத்தினான்.

நான் சந்து வழியாகத்தான் போனேன்.