உயிர் பிழைத்தால் குணமாகிவிட்டதாக அர்த்தமா?

டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு தாக்கிப் பிழைத்தவர்களைப் பற்றிய பதிவின் கீழே நேற்று நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே கமெண்ட் எழுதியவர் பெயரை இழுக்கப்போவதில்லை. "முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் கண் மங்குது, கை மரத்துப்போகுதுன்னா அது மனசுலதான்" என்ற அந்த ஒரு வரி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

உயிர் பிழைப்பது வேறு, குணமாவது வேறு. இது புரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

1995 மார்ச் 20 காலை, ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பலின் ஆட்கள் டோக்கியோவில் ஐந்து சுரங்க ரயில்களில் சரின் என்ற நரம்பு விஷத்தைக் கசியவிட்டார்கள். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்தச் செய்தியை நிறுத்த உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. சரின் அதைப் பிடித்துக்கொள்கிறது. அழுத்திய காலிங்பெல் சுவிட்ச் சிக்கிக்கொண்டதுபோல நரம்பு அடித்துக்கொண்டே இருக்கும். அட்ரோபின் என்ற விஷமுறிவு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள், பெரும்பாலானோர் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள். நம் ஆட்களுக்குக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

முடியவில்லை. ஆறேழு மாதம் கழித்துச் சோதித்தபோது, கண் பார்த்ததை மூளை வாங்கும் வேகம் அவர்களுக்குக் குறைந்திருந்தது. பின்னாளில் எடுத்த எம்ஆர்ஐ படங்களில் மூளையின் சில பகுதிகளே அளவில் சிறுத்திருந்தன. இதுவும் மனப்பிரமையா? முந்தைய ஆண்டு ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் இதே கும்பலின் சரினால் நினைவிழந்த ஒரு பெண் 2008இல் இறக்கும்வரை மீளவே இல்லை. அவருடைய கணவரைத்தான் போலீசும் பத்திரிகைகளும் முதலில் குற்றவாளியாக்கின.

"அதிர்ச்சியால் வரும் மனநோயும் உண்டே" என்பீர்கள். உண்டு. யார் மறுத்தது? அதுவும் நோய்தானே. அதைச் சொல்லி நரம்புச் சேதத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

வளைகுடாப் போர் முடிந்து வந்து உடம்பு முடியவில்லை என்று சொன்ன அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது: மன அழுத்தம். 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியாவில் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்த கிடங்கில் சரின் ராக்கெட்டுகள் இருந்ததைப் பென்டகன் 1996இல்தான் ஒப்புக்கொண்டது. ஐந்து வருடம்! அதுவரை அவர்கள் பொய்யர்களா?

"உனக்கென்ன இதில் இவ்வளவு கோபம்" என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டார். சரி, சொல்கிறேன். 1938இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடியவர்கள் கையில்தான் சரின் பிறந்தது. அதே ரசாயனக் குடும்பத்துப் பூச்சிமருந்தைத்தான் என் சித்தப்பா முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் வயலில் அடித்தார். ஒருநாள் வரப்பிலேயே விழுந்தார். பிழைத்தார். அப்புறம் சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை, நடை தள்ளாடியது. "எல்லா டெஸ்டும் நார்மல், சும்மா யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். ஊர் அதற்குமேல் போய், குடிகாரன் என்றது. ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். சித்தி கடைசிவரை பொத்தான் போட்டுவிட்டாள், ஊரும் கடைசிவரை அதையேதான் சொன்னது.

வாதம் செய்ய வருகிறவர்கள் வாருங்கள், பதில் சொல்கிறேன். இதற்கும் சிரிப்பு எமோஜி போட வருகிறவர்கள் இப்போதே நட்பிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.