கொள்ளி யார் வைப்பது? இப்போதே பேசிவிடுங்கள்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில், இந்துக் குடும்பத்திலிருந்து தனி ஆளாக வந்து ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கு வீட்டில் எதிர்ப்பு வந்தால், "சத்துருவின் போராட்டம்", அதாவது பிசாசின் வேலை, என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். ஜெபம் வேண்டும்தான். ஆனால் அந்த எதிர்ப்பில் பாதிக்குமேல் பயம். "நான் செத்தா இவன் கொள்ளி வைக்க மாட்டானே" என்பது அப்பாவின் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பைபிளைத் தூக்கி எறிவார்.

தானியேல் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக்கூடாது என்று முதலில் மனதில் தீர்மானம் பண்ணுகிறான். பிறகு அரண்மனைப் பிரதானியிடம் போய் வேண்டிக்கொள்கிறான். பிரதானிக்கோ தன் தலை போய்விடுமோ என்று பயம். தானியேல் அவரோடு சண்டைக்கு நிற்கவில்லை. தங்களைக் கவனித்துக்கொள்ள வைத்திருந்த விசாரிப்புக்காரனிடம், பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்கிறான். தீர்மானத்தில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, எதிரே நிற்பவரின் பயத்துக்கும் பதில் இருந்தது.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது சாவு வீட்டில்தான். மூத்த மகன் அதுவரை வாயே திறந்திருக்க மாட்டான். பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது, பங்காளிகள் முன்னால் "நான் செய்ய மாட்டேன்" என்பான். அது அப்பாவை அவமானப்படுத்தியதாகத்தான் எல்லார் காதிலும் விழும். இல்லையென்றால் அதையும் சொல்ல முடியாமல் நிற்பான். மாமா தோளில் குடத்தை ஏற்றிவிடுவார், ஓட்டை போடப் பின்னால் ஒருவர் நிற்பார், மூன்று சுற்று முடிந்துவிடும். பிறகு குற்ற உணர்வில் மாதக்கணக்கில் சபைப் பக்கமே வரமாட்டான். இரண்டையும் தவிர்க்கலாம். அப்பா நல்லபடியாக நடமாடும்போதே தம்பியிடமோ சித்தப்பாவிடமோ பேசி, கொள்ளியும் வாய்க்கரிசியும் அவர்கள் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் உங்கள் பொறுப்பு: மருத்துவச் செலவு, அடக்க பெர்மிட், பந்தல், சாப்பாடு, பாடைக்குத் தோள். இதை அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள். முதல் தடவை கோபப்படுவார். மூன்றாவது தடவை, தன்னைக் கைவிட மாட்டான் என்பது அவருக்குப் புரிய ஆரம்பிக்கும்.

சாப்பாட்டிலும் இப்படித்தான். 1 கொரிந்தியர் 10-இல் பவுல் சொல்வது தெளிவு. முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதே. அம்மாவிடம் முதல் நாளே, "படைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிடும்மா" என்று கேளுங்கள். பல அம்மாக்கள் எடுத்து வைப்பார்கள். பிரசாதத்தை வாங்கி அவர் கண் முன்னாலேயே குப்பையில் போடுவது விசுவாசமே இல்லை. அந்தக் காயம் ஆறாது. பொல்லாப்பு செய்தும் பிறர் காரியத்தில் தலையிட்டும் துன்பப்படாதீர்கள் என்று பேதுரு (1 பேதுரு 4:15) சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.

வேலையிடம் பற்றி ஒன்று. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெரிய வெள்ளி (குட் ஃப்ரைடே) பொது விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். தேதி முன்பே தெரியும், ஜனவரியிலேயே வருடாந்திர விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். முந்தின நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்து ஆராதனைக்குப் போவது பொய்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு வீட்டுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்கும் போதகர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவுப்படி அந்த வயதில் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பிள்ளை காத்திருக்கட்டும். காத்திருக்கும் நாளில் வேதம் படிக்க யார் தடுத்தாலும் மனப்பாடத்தைத் தடுக்க முடியாது. வாரம் ஐந்து வசனம் போதும்.

இவ்வளவும் செய்தும் "வீட்டை விட்டுப் போ" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அப்போது சபை வெறும் ஆறுதல் சொல்லி நிறுத்தக்கூடாது, அன்றிரவே தங்க ஓர் அறை தேடித் தர வேண்டும். போகிறவர் ஐசியும் (அடையாள அட்டை) பிறப்புப் பத்திரமும் எடுத்துக்கொள்ளட்டும். எதிர்த்துப் பேசாமல் இறங்கட்டும். சம்பளம் வந்த அன்றே அம்மாவின் கணக்கில் வழக்கமான பணம் விழட்டும், அவர் போனை எடுக்காத மாதத்திலும்.