திரையை வேலைவாரியாகப் பிரியுங்கள்

வீடு கட்டுகிற ஒருவரின் கணினியைத் திறந்து பாருங்கள். பிளான் பிடிஎஃப் டவுன்லோட்ஸில் கிடக்கும். எஸ்டிமேட் ஷீட் டாக்குமென்ட்ஸில் இருக்கும். இன்ஜினியர் சொன்ன திருத்தம் மெயிலில். வங்கிக் கடன் பக்கம் பிரவுசரில் பதினேழாவது டேப். தளம் போட்ட அன்று எடுத்த படங்கள் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே தேதி வரிசையில் புதைந்திருக்கும். அவர் மனதில் இது ஒரே வேலை. கணினிக்கோ இது ஐந்து ஆப்களின் ஐந்து தனித்தனி விவகாரம். இவற்றை ஒன்றுசேர்க்கிற பாரத்தைத் தினமும் அந்த மனிதரின் ஞாபகசக்தி மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். இது வடிவமைப்புப் பிழை. பயனர்தான் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஓஃபர் பெர்க்மனும் சக ஆய்வாளர்களும் 2006-லேயே இதை ‘ப்ராஜெக்ட் சிதறல்’ என்ற பொருளில் பெயரிட்டு எழுதிவிட்டார்கள்: கோப்புக்கு ஒரு அடுக்கு, மெயிலுக்கு ஒரு அடுக்கு, புக்மார்க்குக்கு இன்னொரு அடுக்கு, ஒரே வேலை மூன்றிலும் சிதறிக் கிடக்கிறது என்று. அதற்கும் முன்பே, 1986-ல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் ‘ரூம்ஸ்’ செய்திருந்தார்கள். வேலைக்கு ஒரு அறை, அறை என்பது அந்த வேலையின் விண்டோக்கள் மட்டும் இருக்கும் திரை. ஒரே கணினியில் பல திரைகளை மாற்றி மாற்றிப் பார்க்க உதவும் இன்றைய விர்ச்சுவல் டெஸ்க்டாப்களில் பல இன்னும் எட்டாத ஒரு விஷயம் அதில் இருந்தது: ஒரே விண்டோ இரண்டு அறைகளில், இரண்டு வேறு இடங்களில், இரண்டு வேறு அளவுகளில் இருக்க முடிந்தது. கடிகாரம் மாதிரி எல்லா அறைக்கும் பொதுவானவற்றுக்கு ஒரு ‘பாக்கெட்’ உண்டு. அறை மாறும்போது ஒரு விண்டோவைக் கையோடு எடுத்துப் போக ‘மூட்டை’யும் உண்டு.

2008-ல் லினக்ஸில் ஓடும் டெஸ்க்டாப்பான கேடிஇ 4, ‘ஆக்டிவிட்டிஸ்’ என்று இதே வழியில் துணிந்து இறங்கியது. அந்த முயற்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அது பரவாததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். வேலை தொடங்கும் முன்பே ஆக்டிவிட்டியை உருவாக்கி, பெயர் வைத்து, படம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேலை எதுவென்று நமக்கே தெரிவது பாதி வழியில்தானே? இரண்டாவது, பெரும்பாலோர் கண்ணுக்கு அது வால்பேப்பர் மாறுகிற விர்ச்சுவல் டெஸ்க்டாப்பாகவே தெரிந்தது. உள்ளே எதெல்லாம் அந்த வேலையைச் சேர்ந்தது என்பது கண்ணில் படவில்லை.

ஆகவே முதல் விதி: எல்லாம் திண்ணையில் தொடங்கட்டும். பெயரில்லாத பொது இடம். கோப்பு, டேப், மெயில் எல்லாம் அங்கே வரட்டும். நான்கைந்து சேர்ந்தபின் அவற்றைத் தேர்ந்து ‘இது ஒரு வேலை’ என்று ஒரே சொடுக்கில் உள்ளே அனுப்ப வேண்டும். பெயரை அப்புறம் வைக்கலாம். ஒரு வேலைக்குள் இருக்கும்போது திறக்கும் புதியவை தானாக அந்த வேலையில் சேரட்டும், பின்வாங்க ஒரு விசை போதும். உள்ளடக்கத்தைப் படித்து இயந்திரமே ஊகித்து அடுக்குவதை நான் எதிர்க்கிறேன். அடுக்காமல் கிடக்கும் கோப்பைத் தேடினால் கிடைக்கும். தவறாக அடுக்கப்பட்டதை அது இல்லாத இடத்தில்தான் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, வேலையை எங்கே எழுதி வைப்பது. இங்கேதான் பலர் டேட்டாபேஸ் பக்கம் ஓடுகிறார்கள். கேடிஇயின் ‘நெப்போமுக்’ என்ற அமைப்பு கோப்புகளுக்கிடையிலான உறவுகளை எல்லாம் ஒரு பெரிய களஞ்சியத்தில் வைத்தது. அதன் கனம் எல்லோரையும் சோதித்தது, 2014-ல் அதன் இடத்துக்கு ‘பாலூ’ என்ற வேறு அமைப்பு வந்தது. கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் பண்புகளில் ‘டேக்’, அதாவது அடையாளச் சொல், எழுதி வைக்கும் முறையும் நம்பத்தக்கதல்ல. எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் உள்ள பென்டிரைவில் நகலெடுத்தாலோ மெயிலில் அனுப்பினாலோ டேக் உதிர்ந்துவிடும். வேலை என்பது வட்டில் ஒரு சாதாரண ஃபோல்டர், அதனுள் மனிதர் படிக்கத்தக்க ஒரு உரைக்கோப்புப் பட்டியல். அவ்வளவுதான். ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போனால் வேலையும் கூடவே போக வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் பல நல்ல மாதிரிகள் கவிழ்கின்றன. கோப்பின் பாதையை மட்டும் எழுதினால், ஃபோல்டர் பெயரை மாற்றிய அன்றே அறுந்துபோகும். வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள உள் எண்ணான ஐநோடு எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. பல எடிட்டர்கள் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றி வைக்கின்றன. பெயர் அதேதான், எண் புதிது. எனவே பாதை, எண், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஹாஷ் மூன்றையும் எழுதுங்கள். முதலில் பாதையில் பாருங்கள், இல்லாவிட்டால் எண், அதுவும் இல்லாவிட்டால் ஹாஷ். மூன்றும் பொய்த்தால் அந்த வரியை அழித்துவிடாதீர்கள். ‘காணவில்லை’ என்று மங்கலாகக் காட்டுங்கள். மெயிலுக்கு ஐமேப் யூஐடி, அதாவது மெயில் சர்வர் ஒரு ஃபோல்டருக்குள் தரும் எண், உதவாது, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அது மாறிவிடும். மெயிலின் தலைப்பகுதியிலேயே இருக்கும் மெசேஜ்-ஐடியைப் பிடியுங்கள். இணையப் பக்கத்துக்கு முகவரியோடு ஒரு சேமித்த நகலும் வேண்டும். வங்கி வட்டிப் பக்கம் அடுத்த மாதம் இதே மாதிரி இருக்காது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக இரண்டு பொறி உண்டு. லினக்ஸில் பரவலாக இருக்கும் கோப்பு முறையான எக்ஸ்ட்4-ல் கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது யூனிகோடு எண் கொண்ட ஒவ்வொரு குறிக்கும், 3 பைட். உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு புள்ளி, அதாவது 6 பைட். நீளமாகத் தோன்றாத தலைப்பே ஐம்பது எழுத்துக்குள் முட்டிவிடும். ஆகவே பயனர் வைக்கும் பெயரைப் பட்டியலுக்குள் எழுதுங்கள், ஃபோல்டருக்குச் சிறிய பெயர் போதும். இரண்டாவது பொறி ஒகரம். ‘பொ’வின் ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘பொருள்கள்’ கணினிக்கு இரண்டு. ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், இருக்கிற கோப்பையே காணவில்லை என்று சொல்லும்.

இனி விண்டோக்கள். லினக்ஸில் ஆப்கள் திரையில் வரையப் பயன்படுத்தும் வேலண்ட் முறையில் ஓர் ஆப் தன் விண்டோவைத் திரையில் எங்கே வைப்பது என்று தானே தீர்மானிக்க முடியாது. அது விண்டோக்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரின் உரிமை. ஆகவே இடத்தை நினைவில் வைப்பதும் திரும்ப வைப்பதும் டெஸ்க்டாப்பின் கடமை. விண்டோ தலைப்பை வைத்துப் பொருத்தாதீர்கள், அது நிமிடத்துக்கு ஒன்றாக மாறும். எந்த ஆப்பில் எந்தக் கோப்பு திறந்திருந்தது என்பதை வைத்துப் பொருத்துங்கள்.

ஒதுக்கி வைத்த வேலையின் ஆப்களை உறைய வைத்து, அதாவது மூடாமலே ஓட்டத்தை நிறுத்தி, நினைவகம் மிச்சம் பிடிக்கலாமா? முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன்: லினக்ஸ் ஆப்களைக் குழுவாகக் கட்டுப்படுத்தும் சி-குரூப்பில் உறைய வைத்தால் மிச்சமாவது சிபியுவும் பேட்டரியும். நினைவகம் அப்படியே பிடிபட்டிருக்கும். அடுத்து, லிப்ரே ஆபிஸ் சாதாரணமாகப் எத்தனை கோப்பு திறந்தாலும் பயனருக்கு ஒரே புராசஸாக, ஒரே ஓட்டமாக, ஓடுகிறது. எஸ்டிமேட் ஷீட்டை உறைய வைத்தால், பக்கத்து வேலையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதமும் நின்றுபோகும். வேலைக்கு ஒரு தனி புரொஃபைல் (அமைப்புகளின் தொகுப்பு) கொடுத்துத் திறந்தால் இது தீரும், நினைவகம் கூடுதலாகச் செலவாகும். ஆப்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக இன்னொரு ஆப் உறைந்த ஆப்பைக் கூப்பிட்டால், கூப்பிட்ட ஆப் வழக்கமாக 25 நொடி காத்துக் கிடக்கும். சர்வர் இணைப்புகளும் அறுந்துபோகலாம். என் பரிந்துரை இதுதான்: வேலை மாறியதும் விண்டோக்களை மறைத்தால் போதும். இருபது நிமிடம் தொடாமல் இருந்தால் கனமானவற்றை மட்டும் உறைய வையுங்கள். டவுன்லோட், அரட்டை, பாட்டு, சேமிக்காத மாற்றம் உள்ள எதையும் தொடாதீர்கள்.

திரும்பி வரும்போது கடைசியாகப் பார்த்த திரையின் படத்தை உடனே காட்டலாம், அதன் பின்னால் ஆப்கள் எழுந்து வரட்டும். ஆனால் அந்தப் படம் மங்கலாக இருக்க வேண்டும். உயிருள்ள விண்டோ என்று நம்பி ஒருவர் தட்டச்சு செய்த மூன்று சொற்கள் காற்றில் போனால், அவர் இந்த வசதியை மறுபடி நம்பமாட்டார். படத்தை விடவும் உதவுவது ஒரு வரி: ‘விட்ட இடம்’. வேலையை மூடும்போது கேள்விப்பெட்டி எழுப்பி வழிமறிக்காமல், ஓரத்தில் ஒரு காலி வரி இருக்கட்டும். ‘கம்பி விலை கேட்க வேண்டும்’ என்று எழுதினால், திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கும்.

முடிந்த வேலைக்கும் ஒரு இடம் வேண்டும். பெரும்பாலான வடிவமைப்புகளில் இது விட்டுப்போகிறது. அதனால் ஆறே மாதத்தில் பட்டியல் நீண்டு, எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டியிருக்கிறது. ‘முடிந்தது’ என்று சொன்னதும் பட்டியலில் உள்ள வெளிக்கோப்புகள், மெயில்கள், பக்க நகல்கள் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் நகலாக வந்து, பரண் ஏற வேண்டும். கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, சுவரில் ஆணி அடிக்கும் முன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அதை இறக்குவார்கள். அப்போது பிளம்பிங் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே, குழாயை இடம் மாற்றச் சொல்லி இன்ஜினியர் அனுப்பிய மெயிலும் இருக்க வேண்டும்.