கனமான கிட்டார்தான் கிட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை ஜாம் ரூமில், அதாவது நாங்கள் சேர்ந்து வாசிக்கக் கூடுகிற அறையில், நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா ஒருவர் எடுத்து வந்த கிட்டாரையும் பிக்கையும் கிண்டல் செய்த அந்த வீடியோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது. ஆளாளுக்குச் சிரிப்பு முகம் போட்டாயிற்று. அக்கா குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்ததாகத்தான் அர்த்தம். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். முழுசாக மறுபடி சொல்ல எனக்கு மனசில்லை. என்னை உறுத்திய இரண்டு பேச்சை மட்டும் சொல்கிறேன். "இது கிட்டாரா, காலி டப்பாவா?" இது ஒன்று. அப்புறம் அக்கா கையிலிருந்த மெல்லிய பிக்கை, கம்பியைத் தட்டுகிற அந்தச் சின்னத் தகட்டை, வாங்கி வளைத்துக் காட்டி, "இதை வைத்து விசிறிக்கொள்ளலாம்." வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் ஆசையாக ஒரு ஹாலோ பாடி கிட்டார், அதாவது உடம்பு உள்ளே காலியான எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி, முதல் தடவையாக நாலு பேர் முன்னால் எடுத்து வந்த ஒருவரிடம் பேசுகிற பேச்சா இது?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆசைக்கு வாசிக்கிறவர்கள் தங்கள் உடம்பு தாங்குகிற கிட்டாரைத்தான் வாங்க வேண்டும். தாங்காத கிட்டார் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். அது எவ்வளவு பெரிய பெயர் போட்ட கிட்டாராக இருந்தாலும் சரி.

கணக்கைப் பார்ப்போம். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாதிரி, உடம்பு கெட்டி மரமாக இருக்கிற சாலிட் பாடி கிட்டார் சாதாரணமாக 4 கிலோவுக்கு மேல் இருக்கும். 1970களில் வந்தவற்றில் 5 கிலோவை நெருங்கியவையும் உண்டு. எபிஃபோன் கஸீனோ மாதிரி உள்ளே முழுக்கக் காலியான கிட்டார் 3 கிலோவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு கிலோதானே என்று தோன்றும். அந்த ஒரு கிலோ ஒரே தோளில், ஒரு பட்டையில் ஒரு மணி நேரம் தொங்கும். இடது கழுத்தில் தொடங்கி முதுகுக்கு இறங்குகிற வலியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அது சின்னக் கணக்கில்லை.

எனக்குத் தெரியும். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். ஒரு காலத்தில் கனமான சாலிட் பாடி ஒன்றை வைத்திருந்தேன். சத்தம் பிரமாதம், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஆபீஸ் முடிந்து, வண்டியில் கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும்போதே தோள் வலிக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவேன். அந்த நாளை பல மாதம் வரவேயில்லை. பிறகு ஒரு நண்பர் வெளியூர் போகும்போது தன்னுடைய ஹாலோ பாடியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பெரிய உடம்பு, ஆனால் மடியில் வைத்தால் எடையே தெரியாது. ஆம்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில், செருகாமலே தட்டினாலும் காதுக்குக் கேட்கும். எங்கள் ஃபிளாட்டில் சுவர் மெல்லிசு, உள் அறையில் குழந்தை தூங்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து, ஆம்பும் இல்லாமல், வயரும் இல்லாமல், ஹாலில் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது. மறுபடி தினமும் வாசிக்க ஆரம்பித்தேன். நண்பர் திரும்பி வந்து கிட்டாரைக் கேட்டபோது கொடுக்க மனசே வரவில்லை.

சரி, எதிர்ப்பேச்சுகளுக்கு வருகிறேன். இதற்குள் சிலர் பதில் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள்.

"சாலிட் பாடியில் சஸ்டெயின் அதிகம், அதுதான் ஒரிஜினல் எலெக்ட்ரிக் கிட்டார்." முதல் பாதி உண்மை. மரம் கெட்டியாக இருந்தால் கம்பியின் அதிர்வை உடம்பு அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சாது, ஸ்வரம் நீண்டு நிற்கும். இரண்டாம் பாதி வரலாறு தெரியாத பேச்சு. கிப்சன் 1936இல் கொண்டுவந்த ஈ.எஸ்.-150 உள்ளே காலியான கிட்டார்தான். பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் அதை வைத்துக்கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன், கிட்டாரும் டிரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி முன்னால் வந்து தனியாக வாசிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டினார். அப்போது லெஸ் பால் என்ற மாடலே கிடையாது. அது வந்தது 1952இல். லெஸ் பால் என்ற மனிதரே 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் கம்பி கட்டிப் பார்த்தது எதற்காக? சத்தத்தைக் கூட்டினால் காலியான உடம்பு ஊளையிட ஆரம்பிக்கும், அதைத் தவிர்க்க வேண்டும், ஸ்வரமும் நீள வேண்டும் என்பதற்காக. கெட்டி மரம் வந்தது உரக்க வாசிக்கிறவர்களுடைய ஒரு சிக்கலுக்கு விடையாக. எடை அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். எடை ஒரு பெருமை என்று யாரும் அதைச் செய்யவில்லை. அந்த கிப்சன் கம்பெனியே 1980களில் லெஸ் பால் உடம்புக்குள் ஓட்டை போட்டு எடையைக் குறைக்க ஆரம்பித்தது. செய்கிறவர்களுக்கே கனம் சுமையாகிவிட்டது. நாம் மட்டும் அதைக் கொண்டாட வேண்டுமா?

"ஹாலோ பாடி ஃபீட்பேக் அடிக்கும்." அடிக்கும். ஃபீட்பேக் என்பது மேலே சொன்ன அந்த ஊளைதான். டிரம்ஸ் பக்கத்தில், ஆம்பைப் பாதிக்கு மேல் திருகி, அதன் முகத்துக்கு நேரே நின்றால் அடிக்கத்தான் செய்யும். நம்மில் எத்தனை பேர் அப்படி வாசிக்கிறோம்? படுக்கையறை ஆம்பில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்து, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரோ என்று பயந்து வாசிக்கிறவர்கள்தானே நாமெல்லாம்? அப்படியும் பிரச்சினை வந்தால் வழி இருக்கிறது. ஆம்புக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆம்பில் பேஸை, அதாவது கீழ்ஸ்தாயிச் சத்தத்தைக் குறையுங்கள். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் தன் கிட்டாரின் முகப்பில் இருந்த எஃப் வடிவத் துளைகளுக்குள் துணியை அடைத்துத்தான் வாசித்தார். பிறகு 1980இல் கிப்சன் அவர் பெயரில் கொண்டுவந்த லூசில் மாடலில் அந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள். அதுவும் வேண்டாம் என்றால் 1958இல் வந்த ஈ.எஸ்.-335 மாதிரி நடுவில் ஒரு கட்டை வைத்த செமி ஹாலோ இருக்கிறது. அது முழு ஹாலோவை விடக் கனம், அதைக் கவனித்து வாங்குங்கள்.

"அகலமான ஸ்ட்ராப் போட்டால் போதுமே." அகலமான ஸ்ட்ராப் பாரத்தைத் தோளில் பரப்பும், பாரத்தைக் குறைக்காது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"ஹாலோ பாடி சீக்கிரம் உடையும், சென்னை ஈரப்பதத்துக்கு ஆகாது." உடையும் என்பது சரி. நல்ல கெட்டி உறை வாங்குங்கள், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் என்பது பெரும்பாலும் வீண் பயம். கஸீனோ, 335 போன்றவற்றின் மேல்பலகை ஒட்டுப்பலகை, அதாவது மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டியது. ஒற்றை மரப்பலகை அளவுக்கு மழைக்காலத்தில் உப்பாது, வெயிலில் வெடிக்காது.

இன்னொன்று. 'காலி டப்பா' என்று சிரித்தவர்கள் எல்லாரும் பீட்டில்ஸ் ரசிகர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பால் மெக்கார்ட்னி 1964இல் வாங்கியது கஸீனோ. 1966இல் லெனனும் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். 1969 ஜனவரி 30ஆம் தேதி லண்டனில் மொட்டைமாடியில் அவர்கள் வாசித்தபோது லெனன் தோளில் தொங்கியது எது? வார்னிஷைச் சுரண்டி எடுத்த அதே காலி டப்பா. உலகத்தில் எந்தக் கிட்டாரையும் வாங்கக்கூடிய ஆட்கள் அவர்கள்.

பிக் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் இதில் பேசியவருக்கு விஷயம் தெரியும், தெரிந்தே பேசினார்.

மெல்லிய பிக் கம்பியில் படும்போது வளையும். அதனால் ஆறு கம்பியையும் தடவி ஸ்ட்ரம் செய்யும்போது எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும், கொஞ்சம் சலசலப்பும் சேரும். பாட்டுக்குத் துணையாகக் கார்ட், அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக வாசிக்க அது போதும். சில சமயம் அதுதான் வேண்டும். தடித்த பிக் வளையாது. ஒற்றை ஸ்வரங்கள் உருண்டையாகத் தெளிவாக வரும். ஆனால் பிக் வளையாத இடத்தில் மணிக்கட்டுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அது பழக்கத்தில் வருவது. டார்டெக்ஸ் என்ற வகைப் பிக்குகளில் ஆரஞ்சு நிறத்தின் தடிமன் 0.60 மில்லிமீட்டர், மஞ்சள் 0.73, பச்சை 0.88. கடையில் மூன்றையும் வாங்கினால்கூடப் பெரிய செலவில்லை. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், கையே சொல்லிவிடும். ஹாலோ பாடியில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகக் கேட்கும். கிட்டாரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தத்தைப் போட்டு, தடித்த பிக்கின் உருண்ட ஓரத்தால் தட்டினால் ஜாஸ் ரெக்கார்டுகளில் கேட்கிற அந்த இருண்ட சத்தம் வரும். அதே கிட்டாரில் மெல்லியதை வைத்து ஸ்ட்ரம் செய்தால் அகூஸ்டிக் பக்கம் சாயும்.

அக்காவுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி. தடித்த பிக் கம்பியில் முட்டினால் அந்த இடி முழுக்க விரலுக்கு வருகிறது. மெல்லியது வளைந்து கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. இதை அவர் அன்றைக்கே சொன்னார். வீடியோவில் அந்த இடம் இல்லை, வெட்டிவிட்டார்கள்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பிக்கே வைத்துக்கொள்ளவில்லை, வெறும் கட்டைவிரல். ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று ஆரம்பித்த பழக்கம் என்று சொல்வார்கள். குயீன் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தை வைத்து வாசிக்கிறார். அப்பாவும் மகனுமாகப் பழைய கணப்படுப்பு மரத்திலிருந்து செய்த அவருடைய கிட்டாருக்குள்ளும் காலி இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு விரல் சதை, ஒருவருக்கு உலோகம். இவர்களில் யாரிடம் போய் விசிறிக்கொள்ளலாம் என்று சொல்வீர்கள்?

"அவர்கள் மேதைகள், நாம் யார்?" என்று ஒருவர் எனக்கு மெசேஜே அனுப்பிவிட்டார். அதையேதான் நானும் சொல்கிறேன். மேதைக்கே விருப்பம்போல எடுத்துக்கொள்ளலாம் என்றால், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியில்லாத நமக்கு ஏன் கூடாது? கச்சேரி கிடையாது, சம்பளம் கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது. வாசிப்பதில் கிடைக்கிற சந்தோஷம் ஒன்றுதான் நமக்கு வரவு. அதையும் நாலு பேர் முன்னால் பறித்துக்கொண்டால் மிச்சம் என்ன?

இப்படி விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர், விரல் அவ்வளவு சுத்தம், எண்பதுகளின் திரைப்பாட்டு எதைக் கேட்டாலும் உடனே கார்ட் பிடிப்பார். முதுகு அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒரு கடையில் போய் லேசான எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "அங்கிள், அதெல்லாம் பார்க்கத்தான் அழகு, உங்களுக்கு எதற்கு, உகுலேலே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கவுண்டரில் இருந்த பையன் சொல்லியிருக்கிறான். எடுத்துக்கூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து இருந்த கிட்டாரையும் விற்றுவிட்டார். இப்போது நாங்கள் சந்தித்தால் பாட்டைப் பற்றிப் பேசுவதேயில்லை. நான் எடுத்தாலும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால்தான் இது எனக்கு வெறும் கிட்டார் விஷயமாகத் தெரியவில்லை. இருபது வயதுப் பையன் அதே ஹாலோ பாடியைத் தூக்கி வந்திருந்தால் 'விண்டேஜ் டேஸ்ட்' என்று சொல்லியிருப்பீர்கள். போன மாதம் ஒரு தம்பி கிரெட்ச் ஹாலோ பாடி எடுத்து வந்தபோது அப்படித்தானே சொன்னீர்கள்? வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்களே. அக்கா கையில் இருக்கும்போது மட்டும் அது ஏன் டப்பா ஆனது? இந்தக் கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். சஸ்டெயினைப் பற்றி இன்னொரு பாடம் எனக்கு வேண்டாம்.

வாங்க யோசிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எடையை மட்டும் பார்க்காதீர்கள். உடம்பு லேசாக இருந்து கழுத்து கனமாக இருந்தால் கைவிட்டதும் தலை கீழே சாயும், அதைத் தாங்கியே இடது கை ஓய்ந்துவிடும். கடையில் ஸ்ட்ராப் மாட்டி நின்று, இடது கையை எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்தும் பாருங்கள், பழைய ஜாஸ் கிட்டார்களின் உடம்பு தடிமன் 3 அங்குலத்துக்கு மேல், சின்ன உடம்புக்காரர்களுக்கு வலது தோள் தூக்கிக்கொள்ளும். கஸீனோ மாதிரி மெல்லிய வகை அதில் ஏறக்குறையப் பாதிதான். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் கிட்டாரோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஏறி நில்லுங்கள். உங்கள் தோள் எதைச் சுமக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாஸ்டர், நீங்கள் இதைப் படிப்பீர்கள். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பார் கார்ட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். எஃப் கார்ட் பிடிக்க முடியாமல் நான் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, விரல் வலித்தால் மெல்லிய கம்பி மாட்டிக்கொள், அதில் வெட்கம் என்ன என்று சொன்னதும் நீங்கள்தான். அந்த வார்த்தை இல்லையென்றால் நான் அந்த வாரமே விட்டிருப்பேன். அதே வாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அந்த விசிறிப் பேச்சு வந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அக்காவை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். குரூப்பில் எழுத வேண்டாம், போனில் பேசுங்கள்.

அக்கா, வருகிற ஞாயிறு நான் என் சின்ன ஆம்பை எடுத்து வருகிறேன். டிரம்ஸைத் தள்ளிப் போடச் சொல்லி ஜாம் ரூம்காரரிடம் பேசிவிட்டேன். அதே கிட்டார், அதே பிக் எடுத்து வாருங்கள். முதல் பாட்டு உங்களுடையது, எந்த ஸ்ருதி என்று மட்டும் சொல்லுங்கள், நான் பின்னால் வாசிக்கிறேன். கிண்டல் செய்ய வேண்டும் என்று இருக்கிறவர்கள் அன்றைக்கு வர வேண்டாம்.